லெசெப்ஸ் பெருமகனும் இரு கால்வாய்களும்

பெருங்கருமமொன்றைத் தொடங்குமுன் ஆராயவேண்டுவன இவையென நம் முன்னோர் தெளிவுற வகுத்துள்ளனர். திருவள்ளுவர் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினார். அவை அரசர்க்கெனக் கூறப்பட்டனவாயினும், அணை கட்டுவார்க்கும், பாலம் அமைப்பார்க்கும், கால்வாய் வெட்டுவார்க்கும் அவ்வளவே பொருந்துவன. இவ்வுண்மைக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையே இருபுறமுஞ் சான்றாய் அமைந்தமை உலக வரலாற்றில் அரிது. முற்பாதியில் வெற்றிக்கும் பிற்பாதியில் வீழ்ச்சிக்கும் இலக்காகி நின்ற அம்மனிதர், சூயஸ் கால்வாயை உலகிற்கு அளித்த பேர்டினண்ட் டி லெசெப்ஸ் ஆவர். அன்னாரது சரிதத்தை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

லெசெப்ஸ் 1805ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 19ஆந் திகதி பிரெஞ்சுத் தேசத்து வெர்சேல்ஸ் நகரிற் பிறந்தார். அவருடைய குலத்தவர் தலைமுறை தலைமுறையாக அயல்நாடுகளில் அரசின் பிரதிநிதிகளாய்ப் பணிபுரிந்தவர்கள். தந்தையார் எகிப்தில் இருந்த காலத்தில் அந்நாட்டதிபதியாகிய முகம்மது அலியின் நட்பைப் பெற்றவர். மைந்தரும் அவ்வழியே சென்று, லிஸ்பனிலும் தூனிசிலும் பணியாற்றியபின், 1832இல் அலெக்சாந்திரியாவுக்கு உதவிக் கொன்சலாக வந்து சேர்ந்தார்.

அவர் வந்த கப்பலிலிருந்தோர் நோய்த்தடுப்பு விதிப்படி சில நாள் கரையிறங்காது தங்கவேண்டியதாயிற்று. அந்நாட்களிற் பொழுதுபோக்கப் படித்த நூல்களுள், நெப்போலியனுடன் எகிப்து சென்ற லெப்பேர் என்னும் பொறியியலாளர் பழங்காலக் கால்வாய் பற்றி எழுதிய அறிக்கையும் ஒன்று. மத்தியதரைக்கடலையும் செங்கடலையும் இணைக்கும் எண்ணம் அன்று அவர் உள்ளத்தில் வித்தாய் விழுந்தது. எனினும் அவ்வறிக்கையில் ஒரு பெரும் பிழை இருந்தது. செங்கடலின் நீர்மட்டம் மத்தியதரைக்கடலினும் முப்பதடிக்கு மேல் உயர்ந்ததென லெப்பேர் கணித்திருந்தார். அஃது உண்மையாயின் நேர்க்கால்வாய் வெட்டுதல் இயலாது. 1847இல் வேறு பொறியியலாளர் மீண்டும் அளந்து, இரு கடலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தன என நிறுவினர். இதனை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். சூயஸ் வெற்றிக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது 1859இல் அன்று. அளவுகோலைக் கையிலேந்தியோர் ஐயந்தீர அளந்த 1847இலேயாம்.

எகிப்தில் இருந்தபோது லெசெப்ஸ் முகம்மது அலியின் மைந்தன் சையிது என்னும் இளவரசனோடு நட்புப் பூண்டார். உடல் பருத்த அச்சிறுவனுக்குத் தந்தை உணவைக் குறைத்துக் கட்டளையிட்டிருக்க, அவன் லெசெப்சின் இல்லத்துக்கு வந்து மக்கரோனி உண்டு பசியாறுவான் என்பர். காலம் கடந்தது. 1849இல் உரோமாபுரிக்குத் தூது சென்ற லெசெப்சின் செயலை அவருடைய அரசே கைவிட்டமையால், தமது நாற்பத்து மூன்றாம் வயதில் அவர் பதவி துறந்து நாட்டுப்புறத்திற் கமஞ்செய்து வாழலானார். 1853இல் மனைவியையும் இழந்தார். வாழ்வு முடிந்ததெனப் பலரும் எண்ணியிருந்த வேளையில், 1854இல் அப்பழைய இளவரசன் எகிப்தின் அதிபதியானான் என்ற செய்தி வந்தது. அவ்வாண்டு நவம்பர் 7ஆந் திகதி லெசெப்ஸ் அலெக்சாந்திரியாவில் இறங்கினார். அம்மாதம் 30ஆந் திகதி கால்வாய் வெட்டும் உரிமைப் பத்திரம் அவர் கைக்கு வந்தது.

உரிமை கிடைத்தவுடன் அவர் மண்வெட்டியை எடுத்தாரல்லர். தாம் பொறியியல் கற்றவரல்லர் என்பதை அந்நாளில் அவர் நன்கு அறிந்திருந்தார். எகிப்தில் நெடுநாள் பணிபுரிந்து நிலத்தின் இயல்பறிந்த லினான், மூசெல் என்னும் இரு பொறியியலாளரைக் கொண்டு முதல் ஆய்வைச் செய்வித்தார். பின்னர்ப் பல தேசத்து வல்லுநரைக் கூட்டி ஒரு சபை அமைத்தார். அச்சபையார் 1855இன் இறுதியில் எகிப்துக்கு நேரிற் சென்று, பாலைநிலத்தின் வழியே பயணஞ்செய்து, மண்ணின் தன்மையை ஆராய்ந்தனர். அலெக்சாந்திரியாவிலிருந்து நைல் நதியைக் குறுக்கறுத்துச் செல்லும் திட்டமொன்றும் அப்பொழுது இருந்தது. அதனைத் தள்ளி, இடையே நீர்க்கதவுகள் யாதுமின்றிக் கடலிலிருந்து கடலுக்கு நேரே செல்லும் வழியே தக்கதென அவர்கள் முடிபு கூறினர். ஒஸ்திரியப் பொறியியலாளர் நெகிரெல்லியின் கருத்தே இம்முடிபில் மேலோங்கி நின்றது. வல்லார் சொல்லை லெசெப்ஸ் ஏற்றார். அதனை உலகுக்கு எடுத்துரைத்துப் பொருள் திரட்டுதலைத் தம் தொழிலாகக் கொண்டார்.

1858இல் ஒவ்வொன்றும் 500 பிராங்கு பெறுமதியுடைய 4,00,000 பங்குகளைக் கொண்டு கொம்பனி நிறுவப்பட்டது. பாதிக்கு மேற்பட்ட பங்குகளைப் பிரெஞ்சு மக்கள் வாங்கினர். எஞ்சியவற்றுட் பெரும்பகுதியைச் சையிதே தலைமேற் சுமந்தான். இங்கிலாந்தின் முதல் மந்திரி பாமெஸ்ரன் பிரபு இறுதிவரை எதிர்த்தார். துருக்கிச் சுல்தானின் இசைவோ 1866 வரை கிடைத்திலது. இவ்வெதிர்ப்புக்கிடையே 1859ஆம் ஆண்டு ஏப்பிரில் 25ஆந் திகதி, பின்னாளிற் சையிதுத் துறைமுகம் எனப் பெயர்பெற்ற மணற்கரையில் முதல் மண் வெட்டப்பட்டது.

பாலைவனத்திற் பல்லாயிரவர் பணிசெய்வதாயின் முதலில் வேண்டுவது குடிநீர். ஒட்டகங்கள் சுமந்துவரும் நீரை நம்பி ஒரு பெருங்கருமம் நடவாது. ஆதலின் கப்பற் கால்வாய் முற்றுமுன்பே நைல் நதியிலிருந்து நன்னீர்க் கால்வாயொன்று வெட்டப்பட்டு, 1863இன் இறுதியிற் சூயஸ் நகரை எட்டியது. சையிதுத் துறைமுகத்தில் அலைதடுப்பு அணை கட்டக் கல் அருகில் இல்லை. ஆகவே மணலையும் சுண்ணத்தையும் கலந்து, இருபது தொன் நிறைக்கு மேற்பட்ட செயற்கைக் கற்பாளங்களை அங்கேயே வார்த்துக் கடலில் இட்டனர். முன்னே வேண்டுவதை முன்னே செய்தல் என்னும் முறைமை இவற்றாற் புலனாகும்.

ஆயினும் ஓர் இருண்ட பக்கத்தை மறைத்தல் நேர்மையன்று. தொடக்கத்தில் மண் சுமந்தோர், முன்னாளில் நம் நாட்டில் நிலவிய இராசகாரியம் போன்ற கட்டாய ஊழியத்தால் ஊர்களிலிருந்து கொணரப்பட்ட எகிப்தியக் குடியானவர்களே. மாதந்தோறும் ஏறக்குறைய 20,000 பேர் இவ்வாறு வந்து, கூடையும் மண்வெட்டியுமே கருவியாகப் பாடுபட்டனர். சையிதுக்குப்பின் 1863இல் ஆட்சிக்கு வந்த இஸ்மாயில் காலத்தில், ஆங்கிலேயரும் துருக்கியரும் வற்புறுத்த இவ்வூழியம் நிறுத்தப்பட்டது. பகைவர்கள், இனிக் கால்வாய் முடியாது என மகிழ்ந்தனர். நிகழ்ந்ததோ வேறு. மூன்றாம் நெப்போலியனின் நடுத்தீர்ப்பால் 1864இற் கொம்பனிக்கு 840 இலட்சம் பிராங்கு நட்டஈடு கிடைத்தது. கைவேலைக்கு ஈடாக, நீராவியால் இயங்கி நீரடி மண்ணை வாரும் பெரும் யந்திரங்கள் அந்நிலத்துக்கும் ஆழத்துக்கும் ஏற்றவாறு புதியனவாக அமைக்கப்பட்டன. தோண்டப்பட்ட ஏறக்குறைய 750 இலட்சம் கனமீற்றர் மண்ணிற் பெரும்பகுதியை, கடைசிச் சில ஆண்டுகளில் இவ்யந்திரங்களே அகற்றின. நிலைமை மாறியபோது திட்டமும் மாறியது, மாறியும் குலைந்திலது.

1869ஆம் ஆண்டு நவம்பர் 17ஆந் திகதி, பிரெஞ்சுச் சக்கரவர்த்தினி இயூஜீனியின் கப்பல் முன்செல்ல, நூறு மைல் நீளமுடைய கால்வாய் திறந்துவைக்கப்பட்டது. ஆறாண்டில் முடியுமென்றது பத்தாண்டு பிடித்தது. இருபது கோடி பிராங்கு என்றது அதனினும் இருமடங்குக்கு மேலாயிற்று. எனவே சூயஸ் திட்டம் குற்றமற்றதென்று நாம் கூறவில்லை. அடிப்படை சரியாக அளக்கப்பட்டிருந்தமையால் அக்குற்றங்களை அது தாங்கிற்று என்பதே நம் கருத்து.

இலண்டனுக்கும் பம்பாய்க்கும் இடையிலான கடற்பயணம் நாலாயிரம் மைலுக்குமேற் குறைந்தது. அதன் பயனை நம் ஈழநாடும் உடனே உணர்ந்தது. புதுவழியே பெருகிவந்த நீராவிக் கப்பல்களுக்குக் காலித் துறைமுகம் போதாதாயிற்று. 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, 1885இல் முடிவுற்ற கொழும்புத் தென்மேற்கு அலைதடுப்பு அணை, காலியின் இடத்தைக் கொழும்புக்கு அளித்தது. இன்றைய கொழும்பு நகரின் பெருமையில் லெசெப்சுக்கும் ஒரு பங்குண்டு.

இனி அவர் வாழ்வின் மறுபாதியைக் காண்போம். சூயஸ் திறந்தபோது லெசெப்சுக்கு வயது அறுபத்து நான்கு. அதே மாதத்தில் அவர் மறுமணஞ்செய்து, பின்னர்ப் பன்னிரு மக்களைப் பெற்றார். நாடெங்கும் அவரை மகா பிரெஞ்சுக்காரர் எனப் போற்றினர். பத்தாண்டு அமைதியாயிருந்தவரை, அமெரிக்கக் கண்டத்தின் இடுப்புப்போல் ஒடுங்கிய பனாமா நிலம் அழைத்தது. அத்திலாந்திக்கையும் பசிபிக்கையும் இணைக்கும் வழி சூயசின் நீளத்திற் பாதியளவே என்பது அவருக்குப் பெருந்துணிவைத் தந்தது. மூத்த மைந்தர் சாள்ஸ், சூயசிற் பெற்ற புகழே போதும் என்னும் கருத்தால் தந்தையைத் தடுக்க முயன்றார். இயலாதாகவே, மைந்தன் கடனென்று அவருக்குத் துணைநின்றார்.

1879 மே மாதத்தில் லெசெப்சின் தலைமையிற் பரிசு நகரில் ஓர் உலக மாநாடு கூடிற்று. பெயரளவில் அது சூயசின் சபையை ஒத்தது, தன்மையில் நேர்மாறானது. சூயசில் வல்லுநர் நிலத்தைக் கண்டு முடிபு கூறினர், தலைவர் ஏற்றார். இங்கோ தலைவர் நிலத்தைக் காணுமுன்பே முடிபு செய்துவிட்டார். மாநாடு அதனை ஏற்றது. நீர்க்கதவுகள் இல்லாத, கடல்மட்டக் கால்வாயே வேண்டும் என்பது அவர் பிடிவாதம். சூயஸ் அவ்வாறிருந்தது, ஆகவே பனாமாவும் அவ்வாறே இருத்தல் வேண்டும்.

அம்மாநாட்டில் ஒருவர் எழுந்து வேறு வழி காட்டினார். அவர் கோடன் டி லெப்பினே என்னும் பொறியியலாளர். அயனமண்டல நாடாகிய மெக்சிக்கோவிற் புகையிரதப் பாதை அமைத்துப் பழகியவர். மலையைக் கடல்மட்டம்வரை வெட்டாது, சாகிரஸ் நதியை அணைகட்டி மறித்து, உயரத்தில் ஓர் ஏரியை உண்டாக்கி, கதவுகளையுடைய நீர்ப்படிகளாற் கப்பல்களை ஏற்றி இறக்குதலே தக்கதென அவர் விளக்கினார். அவ்வழியிற் பெரும்பகை என அஞ்சப்பட்ட நதியே கால்வாய்க்கு நீரூட்டுந் தாயாகும். வெட்டவேண்டிய மண்ணும் பெரிதுங் குறையும். அவர் கூற்றை ஊன்றிக் கேட்டார் சிலரே. வாக்கெடுப்பிற் கடல்மட்டக் கால்வாய்க்கு 74 பேர் ஆதரவளித்தனர், எதிர்த்தவர் எண்மர். அவ்வெழுபத்து நால்வருட் பொறியியலாளர் இருபதின்மர்தாமும் இலர்.

லெசெப்ஸ் பனாமாவை முதன்முதற் கண்டது மாநாடு முடிந்து ஏழு மாதங்களின் பின், 1879 டிசெம்பர் 30ஆந் திகதி. அது மழை ஓய்ந்த இனிய பருவம். மாரிகாலத்துப் பனாமாவை அவர் அப்பொழுது கண்டிலர். அத்திலாந்திக் கரையில் ஆண்டொன்றுக்கு 120 அங்குலத்துக்கு மேல் மழை பெய்யும். கால்வாய் வழியைப் பலமுறை குறுக்கறுத்தோடும் சாகிரஸ் நதி, ஒரு நாளில் முப்பதடிவரை பெருகவல்லது. குலேபிரா என்னுமிடத்தில் வழியை மறித்த மலை முந்நூறடிக்கு மேற்பட்டது. அதன் களிமண் மழை பட்டவுடன் வழுக்கிச் சரிவது. அத்திலாந்திக் கரையில் ஓதம் ஓரடியளவே ஏறியிறங்க, பசிபிக் கரையிலோ இருபதடிவரை ஏறியிறங்கும். பாலைமணலிற் பெற்ற அனுபவம் இவற்றுள் ஒன்றுக்கேனும் விடைகூறவல்லதன்று. காலமறிதலும் இடனறிதலும் இங்கே ஒருங்கே தவறின.

1880இன் தொடக்கத்தில் அவருடன் சென்ற ஆய்வுக்குழு செலவை 84 கோடியே 30 இலட்சம் பிராங்கு என மதிப்பிட்டது. லெசெப்ஸ் தம் எழுதுகோலால் அதனை 65 கோடியே 80 இலட்சமாகக் குறைத்தார். வெட்டவேண்டிய மண்ணின் அளவு மாறாதிருக்கச் செலவுமட்டும் குறைந்தது எங்ஙனம்? பங்கு வாங்குவோரின் உள்ளத்தை நோக்கியே அத்தொகை குறைக்கப்பட்டது. அவர் பெயரொன்றையே நம்பி, 1880 டிசெம்பரில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பங்கு கேட்டு முன்வந்தனர். அவர்களுட் பலர் சிறுகச் சிறுகச் சேமித்த எளிய குடிமக்கள்.

1881இல் வேலை தொடங்கிற்று. சாவும் உடன் தொடங்கிற்று. மஞ்சட் காய்ச்சலும் மலேரியாவும் நுளம்பினாற் பரவுவன என்பது அந்நாளில் நிறுவப்பெறாத உண்மை. அதனை அறியாமை அவர் குற்றமன்று. கொம்பனி கட்டிய வைத்தியசாலை அழகியது. கன்னியர் அன்புடன் பணிசெய்தனர். ஆயினும் எறும்பு ஏறாதிருக்கக் கட்டிற் கால்களின் கீழ் வைத்த நீர்க்கிண்ணங்களிலேயே நுளம்பு பெருகிற்று. பிணிதீர்க்குமிடமே பிணிக்கு விளைநிலமாயிற்று. எனினும் அந்நிலம் நோய் மலிந்தது என்பதை, 1855இல் முடிந்த பனாமாப் புகையிரதப் பாதை வேலையில் மாண்டோரின் தொகையே முன்னரே அறிவித்திருந்தது. அறியாத காரணத்தை விடுவோம். அறிந்த விளைவையும் திட்டத்திற் சேர்த்தாரல்லர். பிரெஞ்சுக் காலத்து எட்டாண்டிற் பனாமாவில் மாண்டோர் 20,000 பேர் வரை ஆவர் என மதிப்பிடுவர். அவர்களுட் பெரும்பாலோர் யமேக்கா முதலிய தீவுகளிலிருந்து கூலிக்கு வந்த எளியோர். தலைமைப் பொறியியலாளராய் 1883இல் வந்த டிங்களர் என்பார் தம் மகளையும் மகனையும் மனைவியையும் அங்கே இழந்து தனியராய் நாடு திரும்பினார்.

மண்ணும் அடங்கிற்றில்லை. 750 இலட்சம் கனமீற்றர் என்று 1880இற் கணித்த அளவை டிங்களர் 1,200 இலட்சமாக உயர்த்தவேண்டியதாயிற்று. வெட்டவெட்ட மலை சரிந்தது. சரியச்சரியச் செலவு வளர்ந்தது. நீர்ப்படிகளே வழியெனப் பொறியியலாளர் பலர் வற்புறுத்தியும் லெசெப்ஸ் 1887 வரை இணங்கினாரல்லர். இணங்கியபின் ஐபெல் கோபுரத்தால் இன்றும் அறியப்படும் குஸ்தாவ் ஐபெல் அப்பணிக்கு அமர்த்தப்பட்டார். ஆனாற் காலமும் பொருளும் கடந்துவிட்டன. சூயசில் இடர்வந்தபோதே திட்டம் மாறியது. பனாமாவில் எல்லாம் இழந்தபின்னரே மாறியது. 1888இற் கொண்டுவந்த பரிசுச்சீட்டுக் கடனும் கைகொடுக்கவில்லை. 1889 பெப்ருவரி 4ஆந் திகதி நீதிமன்றம் கொம்பனியைக் கலைத்தது. ஏறக்குறைய 140 கோடி பிராங்கு அழிந்தது. எட்டு இலட்சம் மக்களின் சேமிப்பு அதிலடக்கம்.

அவ்வளவில் முடிந்திலது. கொம்பனியின் மெய்நிலையை மறைக்கப் பத்திரிகைகளுக்கும் சட்டசபையினருக்கும் பொருள் கொடுக்கப்பட்டமை 1892இல் வெளிப்பட்டு நாடே கொந்தளித்தது. 1893 பெப்ருவரியிற் தந்தைக்கும் மைந்தர் சாள்சுக்கும் ஐந்தாண்டுச் சிறைத்தண்டம் விதிக்கப்பட்டது. சில மாதங்களில் மேல்மன்றம் அத்தீர்ப்பை நீக்கிற்று. முதுமையால் நினைவு மங்கியிருந்த லெசெப்சுக்கு இச்செய்தி எட்டாவண்ணம் குடும்பத்தார் காத்தனர். வேண்டாமெனத் தடுத்த மைந்தர் சிறைபுக, தொடங்கிய தந்தை ஒன்றும் அறியாது நாற்காலியில் அமர்ந்திருந்த காட்சி இரங்கத்தக்கது. 1894 டிசெம்பர் 7ஆந் திகதி, தமது எண்பத்தொன்பதாம் வயதில் அவர் உயிர்நீத்தார்.

அவர்பின் நிகழ்ந்ததைக் கூறாவிடிற் சரிதம் நிறைவுறாது. 1904இல் அமெரிக்கர் நான்கு கோடி டொலர் கொடுத்து அவ்வேலையை ஏற்றனர். முதலாண்டில் அவர்களும் விரைந்து வெட்டமுற்பட்டு அதே துன்பத்துக்கு ஆளாயினர். 1905இல் தலைமையேற்ற ஸ்ரீவன்ஸ் என்னும் பொறியியலாளர் மண்வெட்டுதலை நிறுத்தினார். நுளம்பை ஒழித்தல், குடிநீர், உறையுள், மண்ணகற்றும் புகையிரதப் பாதை ஆகிய இவற்றை முதலிற் செய்வித்தார். வைத்தியர் கோர்காசின் முயற்சியால் மஞ்சட் காய்ச்சல் சில மாதங்களில் ஒழிந்தது. 1906இல் நீர்ப்படிக் கால்வாயே முடிபாயிற்று. சாகிரஸ் நதி அணையால் மறிக்கப்பட்டுக் கடல்மட்டத்துக்கு 85 அடி மேலே காத்தூன் ஏரியாயிற்று. 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆந் திகதி கால்வாய் திறக்கப்பட்டது. முப்பத்தைந்தாண்டுக்குமுன் லெப்பினே பரிசு மாநாட்டில் எழுந்து காட்டிய வழியும் அடிப்படையில் இதுவேயாம்.

சையிதுத் துறைமுகத்தின் அலைதடுப்பு அணையில் 1899இல் நிறுவப்பெற்ற லெசெப்சின் பெருஞ்சிலை, எகிப்து கால்வாயை நாட்டுடைமையாக்கிய 1956ஆம் ஆண்டின் இறுதியில் வீழ்த்தப்பட்டது. அந்நாட்டவர்க்கு அது கட்டாய ஊழியத்தையும் அயலாராட்சியையும் நினைவூட்டிற்று. சிலை வீழினும் கால்வாய் நிற்கின்றது.

இவர்தம் சரிதத்தால் நாம் அறியத்தக்கது யாது? சூயசில் வென்ற லெசெப்சும் பனாமாவிற் தோற்ற லெசெப்சும் ஒருவரே. ஊக்கம் குறைந்ததன்று, நாவன்மை குறைந்ததன்று, பொருள்தானும் பனாமாவிலேயே மிகுதி. குறைந்தது, தாம் அறியாததை அறிந்தார்வாய்க் கேட்கும் பணிவொன்றே. பெருங்கட்டடத்தின் விதி, முதற்கல் நாட்டப்படும் நாளிலன்று, அதற்குமுன் நிலத்தையும் நீரையும் காலத்தையும் தொழிலாளர் நலத்தையும் ஆராயும் நாட்களிலேயே எழுதப்படுகின்றது. அவ்வாராய்ச்சியிற் பழைய வெற்றியைச் சான்றாகக் காட்டுதல் ஆகாது; ஒவ்வொரு நிலமும் தன் வினாவைத் தானே வினவும்.

நம் கல்லூரியின் பழைய மாணாக்கருட் பொறியியலாளராயும் நிருவாகிகளாயும் கடமைபுரிவோர் உளர். இனி அவ்வாறு ஆகவிருக்கும் இளைஞரும் இன்று வகுப்பறைகளில் உளர். குளங்கட்டி நாடு காத்த மரபில் வந்த நமக்கு, கட்டுமுன் கணக்கிடுதல் புதிதன்று. ஒருநாள் உங்கள் கைக்கும் ஒரு வரைபடம் வரும்; உங்கள் மேசையைச் சூழ எழுபத்து நால்வர் ஆமென்பர்; ஒருவர் எழுந்து நதியைக் காட்டுவார். அன்று அவ்வொருவர் கூற்றைச் செவிகொடுத்துக் கேளுங்கள். கேளாமையின் விலையைக் கொடுத்தவர் லெசெப்ஸ் ஒருவர் மாத்திரமல்லர். பனாமாவின் மண்ணில் அடக்கமான இருபதினாயிரவரும், வாழ்நாட் சேமிப்பை இழந்த எட்டு இலட்சம் குடிகளும் ஆவர்.